ஏழாயிரம் அடி உயரத்தில் தேங்காய் எண்ணெய்!

கொடைக்கானல் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தூண் பாறை பார்த்தேன், கோக்கர்ஸ் வாக்கில் நடந்தேன், குதிரை ஓட்டினேன் என்பார்கள். (குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்ததைச் சொல்ல மாட்டார்கள்!) அடியேன் போனபோது பார்த்தது இதில் எதுவும் இல்லை. ஒரு சைக்கிள் கடை, ஒரு தைலக் கடை, ஒரு கடிகார ரிப்பேர் கடை, ஒரு தையல் கடை. அவ்வளவுதான். எல்லாம் எண்ணெயும் கிரீஸும் தேடி!

1997 டிசம்பர். தூத்துக்குடியில் மாமனார் வீட்டிலிருந்து மொத்தக் குடும்பமும் கொடைக்கானல் கிளம்புவதாக ஏற்பாடு. வேன் பேசியாயிற்று. புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் இறக்கியாயிற்று. மாமனார் மட்டும் எதிலும் பட்டுக்கொள்ளாமல் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பிஸ்கெட் டின்னைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். டின்னுக்குள் பழைய பனியன் துணி. துணிக்குள் அவருடைய தூண்டில் ரீல்.

ரீலின் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமனார் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். 1974-ல் அது பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட கையோடு வேலைக்குச் சேர்ந்தவர். சரக்கு இறக்க வந்த ஒரு கப்பலில் பிரெஞ்சுக்கார எஞ்சினீயர் ஒருவர். பாஷை தெரியாமலேயே இரண்டு பேரும் சேர்ந்து நாலு நாள் சாயங்காலம் அலைத்தடுப்புச் சுவரில் உட்கார்ந்து மீன் பிடித்திருக்கிறார்கள். போகும்போது அந்த மனுஷர் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன ரீல் அது. மிட்செல் 300. கறுப்பு நிறம். பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் க்ளூஸ் என்று ஒரு ஊர். பரம்பரையாகக் கடிகார வேலை நடந்த ஊர். அங்கே கடிகாரப் பாகங்கள் செய்துகொண்டிருந்த கார்பானோ அண்ட் பான்ஸ் கம்பெனிதான் இந்த ரீலையும் செய்தது. சுற்றினால் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற மாதிரி 'டிர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும்.

அந்தச் சத்தத்தைக் கேட்க எங்களுக்கெல்லாம் அனுமதி உண்டு. தொட அனுமதி இல்லை. மாமியாருக்கே இல்லை!

என்னைப் பற்றி மாமனாருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என்னிடம் அவர் பேசியது மொத்தம் மூன்றே வாக்கியங்கள். "வாங்க மாப்ளே." "சாப்பிட்டியளா?" "பஸ்ஸுக்கு நேரமாச்சு." ஒரு தடவை அவர் வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்றுகிறேன் பேர்வழி என்று இறங்கி, கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்க வைத்தேன். அதிலிருந்து நான் வருகிறேன் என்றாலே ஸ்பானர் பெட்டி பரண் மேல் ஏறிவிடும்.

அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவன் ஒரு காட்சியைப் பார்த்தேன். திண்ணை விளக்கடியில் மாமனார் ரீலின் பக்கவாட்டு மூடியைப் போட்டுவிட்டு அதன் சின்னத் திருகை முடுக்கப் பார்க்கிறார். கை நடுங்குகிறது. திருப்புளி திருகின் தலையில் உட்காராமல் நழுவுகிறது. மறுபடி வைக்கிறார். மறுபடி நழுவுகிறது. கடைசியில் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அப்படியே பனியன் துணியில் சுற்றி டின்னுக்குள் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

எனக்கு என்னவோ போலிருந்தது. சத்தம் போடாமல் டின்னை எடுத்தேன். திருகை முடுக்கியதோடு நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி. நிறுத்தவில்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். பல் சக்கரங்களில் மஞ்சளாக ஏதோ லேசாகப் பூசியிருந்தது. 'பாவம், வயசானவர், கஞ்சத்தனமாகப் போட்டிருக்கிறாரே' என்று தோன்றியது. அலமாரியில் இருந்தது தேங்காய் எண்ணெய் பாட்டில். தாராளமாகச் சாய்த்தேன். பல் சக்கரம், நரம்பு சுற்றிய சுருள், அதன் நடுவில் இருந்த பிரேக் வட்டுகள்... ஒன்றுக்கும் பாரபட்சம் காட்டவில்லை. சுற்றிப் பார்த்தேன். ஆகா, வெண்ணெய்! திருகுகளை முடுக்கி, துடைத்து, வைத்த இடத்தில் வைத்துவிட்டேன். கொடைக்கானல் ஏரிக்கரையில் "என்ன மாப்ளே, இப்படி வழுக்கிக்கிட்டுச் சுத்துதே!" என்று அவர் வியப்பதாகவும், நான் அடக்கமாகச் சிரிப்பதாகவும் கனவு வந்தது.

மறுநாள் மதுரை, வத்தலக்குண்டு வழியாக மலை ஏறினோம். கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கிவிட்டு 'ஏரி எங்கே?' என்று தேடுகிறவர்கள் உண்டாம். அங்கிருந்து இன்னும் 80 கிலோமீட்டர் மலைப்பாதை இருக்கிறது! வளைவுகளில் புளியோதரை தன் வேலையைக் காட்டியதை இங்கே எழுதப் போவதில்லை. வெள்ளி அருவியில் ஒரு குரங்கு மச்சினனின் மங்கி குல்லாயைப் பறித்துக்கொண்டு போனது. (பொருத்தமான கைக்குத்தான் போய்ச் சேர்ந்தது.) மாமனார் மட்டும் மடியில் டின்னோடு, கிரேன் கூண்டில் உட்கார்ந்த மாதிரி ஆடாமல் அசையாமல் வந்தார்.

காலை ஐந்தரை மணி. போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறேன். குளியலறையிலிருந்து இல்லத்தரசியின் குரல்.

"ஏங்க... தேங்காண்ணெய் கல்லா உறைஞ்சு போச்சு. கொஞ்சம் வெந்நீர்ல வைங்களேன்!"

நான் எழுந்த வேகத்தைப் பார்த்து அவளே பயந்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறைந்துவிடும். தூத்துக்குடியில் அது பிறந்ததிலிருந்து உறைந்ததைப் பார்த்திராத எண்ணெய். இங்கேயோ 7,000 அடி உயரம், மார்கழிக் காலை, பத்து டிகிரி இருந்தால் அதிகம். பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டி. அப்படியானால் ரீலுக்குள்...?

மாமனார் வாசலில் தயாராக நின்றார். கம்பளிச் சால்வை, தலையில் மஃப்ளர், கையில் கம்பு. கம்பில் ரீல்.

"நான் தூக்கிட்டு வர்றேன் மாமா" என்று பாய்ந்து வாங்கி, ரீலை ஸ்வெட்டருக்குள் நுழைத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். ஏரிக்குப் போகிற வழியெல்லாம் ஒரு குளிர்ந்த இரும்புக் குழந்தையைச் சுமந்த அனுபவம். மாமனார் ஒரு மாதிரியாகப் பார்த்தார். குளிரில் மாப்பிள்ளைக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருக்கலாம்.

கொடைக்கானல் ஏரி இயற்கை ஏரி இல்லை. மதுரைக் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் என்ற துரை 1863-ல் ஓடையை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது. நட்சத்திரம் மாதிரி கை கையாகப் பிரிந்து கிடக்கும். சுற்றி வந்தால் சுமார் ஐந்து கிலோமீட்டர். விடியற்காலையில் தண்ணீருக்கு மேல் வெள்ளைப் புகை எழும்பும் பாருங்கள், அதை மட்டும் பார்த்தேன். கிரீஸ் தேடாமல் நான் பார்த்த ஒரே காட்சி அது.

முதல் நாளே மீன் பிடிக்கச் சீட்டு வாங்கி வைத்திருந்தோம். மாமனார் கோதுமை மாவில் கடலைப் பிண்ணாக்கு சேர்த்துப் பிசைந்த உருண்டையை முள்ளில் கோத்தார். வீசினார். தக்கை ஆடாமல் நின்றது. சுற்றிப் பார்த்தார். 'டிர்ர்ர்' இல்லை. 'க்ர்ர்க்... க்க்...' என்றது.

"குளிரு" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

பதினைந்து நிமிஷத்தில் தக்கை ஒரே முங்கு! கம்பு வளைந்த வளைவைப் பார்த்து, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்துவிட்டார்கள். வெளிநாட்டுக் கெண்டை. இந்த ஜாதி 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டி ஏரிக்கு வந்து சேர்ந்ததாகப் பிறகு படித்தேன். குளிர் தாங்கும். பிடிபட்டால் எருமை மாதிரி இழுக்கும்.

ரீலில் பிரேக் என்று ஒரு சமாசாரம் உண்டு. வட்டுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கும். மீன் பலமாக இழுத்தால் வட்டுகள் நழுவி, நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். மீன் களைத்ததும் நாம் சுற்றிக்கொள்ள வேண்டும். அந்த வட்டுகளுக்கு நடுவேதான் என் தேங்காய் எண்ணெய் மெழுகாக இறுகிக்கிடந்தது. மீன் இழுத்தது. ரீல் ஒரு அங்குலம் கொடுக்கவில்லை.

டப்!

நரம்பு அறுந்து முகத்தில் வந்து அடித்தது. மாமனார் ஒன்றும் பேசவில்லை. கல் மேல் உட்கார்ந்தார். ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் விளிம்பைத் தடவினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"மாப்ளே... இதுல என்ன அவியல் வாசம் அடிக்கு?"

நான் சொல்லிவிட்டேன். திருகு நழுவியதைப் பார்த்தது உட்பட எல்லாவற்றையும். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளிருக்குன்னு கிரீஸை இளக்கி, பாத்துப் பாத்து வச்சிருந்தேன்... சரி, வாங்க. கடைவீதிக்குப் போவோம்."

வீட்டுப் பெண்கள் தூண் பாறைக்கு வேன் ஏறினார்கள். நாங்கள் இரண்டு பேரும் எதிர்த் திசையில் நடந்தோம்.

ஏரியைச் சுற்றி வாடகை சைக்கிள் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. முதல் கடைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். மை மாதிரி கறுப்பு. மாமனார் விரலால் தொட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"கிராஃபைட் கலந்தது. எனக்கு ஆவாது. இந்த ரீலு அலுமினியம், போற இடம் உப்புத்தண்ணி. மூணும் சேர்ந்தா அலுமினியத்தைத் தின்னுரும்."

அடுத்த கடையில் தேன் நிறத்தில் இருந்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிரித்தார். இழை இழுத்தது. டப்பாவைத் திருப்பி எழுத்துக்கூட்டிப் படித்தார். லித்தியம் என்றிருந்தது. கடைக்காரர், "வீல் பேரிங்குக்குப் போடுறதுங்க ஐயா, சும்மா சிமெண்ட் மாதிரி நிக்கும்" என்றார்.

"சிமெண்ட் மாதிரி நின்னா ரீலு எப்படிச் சுத்தும்? பரவாயில்ல, ஒரு சுண்டைக்காய் அளவு குடுங்க."

காசு வாங்க மறுத்துவிட்டார் அந்தப் புண்ணியவான். நடந்துகொண்டே மாமனார் பேச ஆரம்பித்தார். ஆறு வருஷத்து மௌனத்துக்கும் சேர்த்து!

"கிரீஸுன்னா என்னன்னு நினைச்சிய? அதுவும் எண்ணெய்தான் மாப்ளே. ஒரு மாதிரி சோப்பு அதைப் பஞ்சு மாதிரி பிடிச்சு வச்சிருக்கு. பல்லும் பல்லும் அழுத்துற இடத்துல வெறும் எண்ணெய் நிக்காது, பிதுங்கி ஓடிரும். அங்க கிரீஸு. சும்மா லேசா, வேகமா சுத்துற இடத்துல கிரீஸு இழுத்துப் பிடிக்கும். அங்க எண்ணெய், ஒரே சொட்டு. கடல்லன்னா உப்புத்தண்ணி உள்ள போவாம இருக்க கிரீஸு கொஞ்சம் கெட்டியா வேணும். மலைக்கு வந்தா அதே கிரீஸு இறுகிரும், இளக்கணும். ஒரு கிரீஸு மேல இன்னொரு கிரீஸைப் போடக்கூடாது. ரெண்டு சோப்பும் சேராமப் போச்சுன்னா தண்ணியா ஒழுகிரும். பழசைச் சுத்தமா எடுத்துட்டுத்தான் புதுசு. கிரேன்ல இருபது வருஷம் இதைத்தானே செஞ்சேன்?"

"நல்லெண்ணெய் போட்டிருந்தா உறைஞ்சிருக்காதுல்ல மாமா?" என்றேன், அறிவைக் காட்ட.

"உறையாது. காத்துப் பட்டுப் பட்டுக் கோந்தா ஒட்டிக்கும். அதுக்கு இதே மேல்!"

விளக்கெண்ணெயை மட்டும் அவர் ஒதுக்கவில்லை. கட்டைவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியில் விளக்கெண்ணெய் குழைத்து வண்டி மை போட்டவர் அவர் அப்பா. முதல் உலகப் போர் விமான எஞ்சின்களே விளக்கெண்ணெயில் ஓடியிருக்கின்றன என்பதும், காஸ்ட்ரால் என்ற பெயரில் இருப்பதே ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயர்தான் என்பதும் எனக்குப் பிறகு தெரிந்தது. நாம் ஆளைத் திட்டத்தான் அந்தப் பேரை வைத்திருக்கிறோம்!

தைலக் கடைக்காரர் யூகலிப்டஸ் தைலத்தை நீட்டினார். "ஜலதோஷம், மூட்டுவலி, மெஷினு... எல்லாத்துக்கும் கேக்கும் சார்." மாமனார் சிரித்துவிட்டார். "அழுக்கு எடுக்க வேணும்னா கேக்கும். வழுக்க வைக்காது." மூட்டுவலிக்கு மட்டும் ஒரு பாட்டில் வாங்கினோம்.

கடிகார ரிப்பேர்க்காரர் கடை ஒரு தீப்பெட்டி அளவு. ரீல் கடிகாரக்காரர்கள் ஊரில் பிறந்தது என்று சொன்னதுமே கண்ணில் பூதக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அப்புறம் விடவே இல்லை. அரை மணி நேரம் குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி கொஞ்சினார். அவர் எண்ணெய் வைப்பது ஊசி முனையில். "நிறைய வச்சா நல்லதுன்னு நினைப்பாங்க சார். நிறைய வச்சா அது பரவி ஓடி, இருக்கவேண்டிய இடத்துல இருக்குறதையும் இழுத்துக்கிட்டுப் போயிடும்" என்றார். சொல்லிவிட்டு ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியவில்லை. அவருடைய எண்ணெய் ரீலுக்கு ரொம்ப நீர்த்தது என்று மாமனார் சொல்ல, இரண்டு கடை தள்ளி இருந்த தையல் கடையைக் கைகாட்டினார். அங்கே கிடைத்தது மெஷின் எண்ணெய். பழைய ஊசி மருந்து பாட்டிலில் கால்வாசி.

விடுதி அறையில் தினத்தாளை விரித்து உட்கார்ந்தோம். மண்ணெண்ணெய், பழைய பல் தேய்க்கும் பிரஷ், என் பனியன் ஒன்று (அவருடைய கட்டளை: "உம்ம பனியனைக் கிழிங்க!"). மூடியைத் திறந்தால், உள்ளே தேங்காய் பர்ஃபி! வில்லை போடலாம் போல வெள்ளை வெளேரென்று.

திருப்புளியை எடுத்தவர் ஒரு நிமிஷம் அப்படியே இருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"நீங்களே செய்யுங்க மாப்ளே. நான் சொல்லுதேன்."

கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றின வரிசைப்படி தாளில் இடமிருந்து வலமாக வைக்கச் சொன்னார். திரும்ப மாட்டும்போது வலமிருந்து இடம். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அந்தக் குழாய் வாஷர் விவகாரமே நடந்திருக்காது! ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, உலர்த்தினேன். கிரீஸில் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டுக் குழைக்கச் சொன்னார். பல்லுக்கு மேல் தீக்குச்சி முனையால் தடவல். பல்லின் உருவம் மறையக்கூடாது. கைப்பிடிக் குமிழில் ஒரு சொட்டு. நடுத் தண்டில் ஒரு சொட்டு. நரம்பைப் பிடிக்கிற கம்பி வளையத்தின் இரண்டு கீல்களில் அரை அரைச் சொட்டு. பிரேக் வட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஒன்றுமே போடாமல் மாட்டச் சொன்னார். "சில ரீலுக்குப் பிரேக்குக்குன்னே தனி கிரீஸு உண்டு. இதுக்கு வேண்டாம். பிரேக்குல எண்ணெய் போடுற ஆளை எங்க துறைமுகத்துல உள்ளயே விட மாட்டான்."

தேங்காய் எண்ணெயில் ஊறிய நரம்பையும் விடவில்லை. சோப்புத் துணியால் உருவி உருவித் துடைத்து, அறுந்த பக்கத்தில் பத்தடியை வெட்டி எறிந்தேன். ஒரு திருகு கட்டிலுக்கடியில் உருண்டு, இரண்டு பேரும் தரையில் படுத்துத் தேடினோம். அப்போதுதான், முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"ரெண்டு வருஷமா இந்த நடுக்கம். உங்க அத்தைக்குத் தெரியாது. சொல்லிராதிய."

"சரி மாமா."

மூடியைப் போட்டுச் சுற்றினேன். டிர்ர்ர்ர்... தூண் பாறையிலிருந்து திரும்பியவர்கள் வாசலில் நின்று விழித்தார்கள். மாமனாரின் ரீல் என் கையில்! இல்லத்தரசிக்கு அதுதான் கொடைக்கானலிலேயே பெரிய அதிசயம்.

மறுநாள் காலை அதே கல், அதே பனி. எட்டு மணிக்கு ஒரு கெண்டை. மீன் இழுக்க இழுக்க ரீல் பாடிக்கொண்டே நரம்பைக் கொடுத்தது. கம்பு என் கையில். என் முழங்கையைப் பிடித்தபடி மாமனார். "விடுங்க... விடுங்க... இப்ப சுத்துங்க" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். டீக்கடைத் தராசில் ஒன்றே முக்கால் கிலோ.

2006-ல் மாமனார் காலமானார். பிஸ்கெட் டின்னோடு அந்த ரீல் இப்போது என் வீட்டில். இப்போதெல்லாம் ரீலுக்கென்றே குட்டிப் பாட்டிலில் எண்ணெயும் டியூபில் கிரீஸும் கிடைக்கின்றன. கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் எடுக்கவேண்டிய காலமும் 2024-ல் வந்துவிட்டது. சென்ற வருஷம் மகன் புது ரீல் ஒன்று வாங்கினான். அதில் கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்க உள்ளே ஒரு உருளை பேரிங். அதில் கிரீஸ் பட்டால் உருளை வழுக்கி, கைப்பிடி பின்னால் சுழல ஆரம்பித்துவிடும். நீர்த்த எண்ணெய் ஒரு துளிதான் ஆகும். இதைக் கடைக்காரர் சொல்வதற்கு முன்பே நான் சொன்னேன். அவர் என்னை மெக்கானிக் என்றே நினைத்துவிட்டார்!

கடலுக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைப்பேன். வாளியில் முக்குவதில்லை, குழாயடியில் பீய்ச்சுவதில்லை. மாசம் ஒரு தடவை தாளை விரித்து, இடமிருந்து வலமாக...

அந்த நாட்களில் மட்டும் இல்லத்தரசி தேங்காய் எண்ணெய் பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள்.